இரண்டாம் தேவரகசியத்திலேயே தூங்கிவிடுகிறேன்: குடும்பத்தில் இருப்பவர்களுக்குப் புனிதம் சாத்தியமா?

கடற்கரைக்காரி | செவ்வாய், இரவு 10.48

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

ரொம்ப நாளாக இங்கே வாசிக்க மட்டும்தான் செய்கிறேன். இன்று எழுதாமல் படுத்தால் தூக்கம் வராது போல இருக்கிறது.

பிறந்தது தூத்துக்குடி. 11 வருடமாகச் சென்னை. ஊரில் கோயிலில் திரிகால செப மணி அடித்தால் தெருவில் விளையாடிக்கொண்டிருக்கும் நாங்கள் அப்படியே நின்றுவிடுவோம். ராத்திரி சோற்றுக்கு முன்னால் வீடே முழங்காலில். 53 மணி செபமாலை, மாதா பிரார்த்தனை, இறந்தவர்களுக்கு ஒரு பரலோக மந்திரம், கடலுக்குப் போனவர்களுக்கு ஒன்று. ஆச்சி கடைசிவரை புதிய செபத்துக்கு மாறவே இல்லை. நாங்கள் "அருள்நிறைந்த மரியே" என்று முடித்த பிறகும் அவர்களுடைய "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே" தனியாகப் பின்னால் வந்துகொண்டிருக்கும்.

இப்போது என் வீட்டைச் சொல்கிறேன். காலை 5 மணிக்கு எழுந்தால் இரண்டு டிபன் பாக்ஸ், மாமியாருக்கு இன்சுலின், மின்சார ரயில், அலுவலகம். திரும்பி வர ஏழரை. செபமாலைக்கு உட்காரும்போது ஒன்பதரை ஆகிவிடும். பெரியவன் தலையணைக்கு அடியில் ஃபோன் வைத்திருக்கிறான். வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்தபடி. செபமாலையின் ஐந்து பகுதிகளில் இரண்டாவது, அந்த இரண்டாம் தேவரகசியம் தாண்டுவதற்குள் நானே தூங்கி விழுகிறேன். மாமியார்தான் தட்டி எழுப்புகிறார்கள்.

போன வாரம் தவக்காலத் தியானத்துக்குப் போனேன். பேசியவர், தினமும் ஒரு மணி நேரம் செபிக்காத வீட்டில் சாத்தான்தான் குடியிருப்பான் என்றார். அன்றிலிருந்து மனசு சரியில்லை. வெள்ளிக்கிழமை சுத்தபோசனம்கூட எனக்கு வெட்கமாக இருக்கிறது. கறி சாப்பிடக்கூடாது, சரி, அதற்குப் பதில் சீலா மீன் குழம்பு வைத்தால் தூத்துக்குடிக்காரிக்கு அது என்ன தவம்?

புனிதர் படங்களைப் பார்த்தால் எல்லாரும் அங்கி போட்டவர்களாகவே இருக்கிறார்கள். என்னைப் போன்றவர்களுக்கு வழி உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

இரவுப்பணி | செவ்வாய், இரவு 11.30

அக்கா, நான் குவைத்தில் நர்ஸ். எங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமைப் பூசையின் வாசகங்களை வெள்ளியன்றே வாசித்துவிடுவார்கள். அதுவும் ட்யூட்டி இல்லாவிட்டால்தான்.

53 மணியை ஒரே இடத்தில் உட்கார்ந்து சொல்லி எத்தனை வருடம் ஆகிறதோ. ஒவ்வொரு நோயாளியைத் தொடுமுன்னும் கை கழுவ வேண்டும் அல்லவா? நிதானமாகச் சொன்னால் ஒரு அருள்நிறை மந்திரம் அந்தக் கழுவலுக்குச் சரியாக இருக்கும். அடுத்துத் தொடப்போகும் ஆளுக்காக அது. பெயர் வாயில் நுழையாதவர்கள்தான் பாதிப்பேர், மாதாவுக்குத் தெரியும். விடியும்போது எண்ணிப் பார்த்தால் ஒரு செபமாலைக்கு மேலேயே போயிருக்கும்.

இது சரியான முறையா என்று எந்தச் சாமியாரையும் நான் கேட்டதில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான்.

---

பழைய உபதேசியார் | புதன், காலை 5.15

அம்மா, 31 வருடம் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம், அதாவது மறைக்கல்வி, சொல்லிக்கொடுத்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் உங்கள் தூக்கம். குழந்தை இயேசுவின் தெரேசம்மாள் கார்மேல் மடத்துக் கன்னியர். செபிப்பதே அவருடைய வேலை. அவரும் தியான நேரத்தில் தூங்கிவிழுந்தவர்தான். வருஷக்கணக்கில். அதற்காக அவர் அழுதுகொண்டிருக்கவில்லை. பிள்ளைகள் விழித்திருந்தாலும் தூங்கினாலும் பெற்றவர்களுக்குப் பிரியம் ஒன்றுதானே என்று எழுதிவைத்தார். 24 வயதில், 1897 செப்டம்பர் 30 அன்று இறந்துபோனார். அந்தத் தூங்குமூஞ்சியைத் திருச்சபை மறைவல்லுநர், அதாவது எல்லாருக்கும் விசுவாசத்தைப் போதிக்கும் ஆசிரியர், என்று அறிவித்திருக்கிறது. உங்களை மாமியார் தட்டி எழுப்புகிறார்கள். அந்த விஷயத்தில் நீங்கள் ஒரு படி மேல்.

இரண்டாவது, அங்கி. புனிதம் துறவிகளுக்கு மட்டும் என்பது திருச்சபையின் போதனை கிடையாது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964 நவம்பரில் வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏட்டில் இதற்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. ஐந்தாவது அதிகாரம். எந்த நிலையில் இருந்தாலும் எல்லாரும் புனிதத்துக்கு அழைக்கப்பட்டவர்கள் என்கிறது. ஏழைகள், நோயாளிகள், கணவன் மனைவி, உடலுழைப்பால் பிழைப்பவர்கள் என்று பிரித்துப் பிரித்துச் சொல்கிறது. யாரும் நழுவிவிடக் கூடாது என்று பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

தமிழில் அதற்கும் முன்பே இது வந்துவிட்டது என்பது என் எண்ணம். வீரமாமுனிவர் 3,615 பாட்டில் தேம்பாவணி பாடினார். காப்பியத் தலைவன் யார்? ராஜாவா? தச்சுவேலை செய்த சூசையப்பர்! அவருக்கு வளன் என்று தமிழில் ஒரு பெயரும் வைத்தார். சுவிசேஷத்தில் சூசையப்பர் பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. வேலை செய்தார், சொன்னதைக் கேட்டார், ராத்திரியோடு ராத்திரியாகப் பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போனார். ஆண்டவர் அவரிடம் பேசியதெல்லாம் எப்போது என்று பாருங்கள். தூக்கத்தில்!

அப்புறம் நம் தேவசகாயம். 1712இல் நட்டாலத்தில் பிறந்தவர். திருவிதாங்கூர் அரசில் உத்தியோகம், கல்யாணமானவர். வீட்டில் கால்நடை சாவு, நஷ்டம் என்று மனம் உடைந்திருந்தபோது டச்சுத் தளபதி டி லனாய், எல்லாம் இழந்தும் கடவுளை விடாத யோபுவின் கதையை பைபிளிலிருந்து சொன்னார் என்பார்கள். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். மனைவியும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார். அந்த விசுவாசத்தை விடாததால் 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று புனிதர் பட்டம். இந்தியாவில் பொதுநிலையினரில் அவர்தான் முதல் புனிதர். அங்கி போடாதவர்!

ஒரு மணி நேரக் கணக்கைச் சொன்னவர் நல்லெண்ணத்தில் சொல்லியிருப்பார். ஆனால் அது திருச்சபைக் கட்டளைகளில் இல்லை.

---

சந்தேகத் தோமா | புதன், காலை 9.40

உபதேசியார் ஐயா, வணக்கம். நான் பூசைக்குப் போவதை விட்டு நாலு வருடம் ஆகிறது. ஆனால் இந்த மாதிரி இழைகளை விடாமல் படிக்கிறேன், ஏன் என்று கேட்காதீர்கள்.

இந்தத் தனிமனிதப் புனிதம் என்ற பேச்சே எனக்குச் சந்தேகம். எங்கள் ஊரில் தினமும் பூசை காண்கிறவர், மரியாயின் சேனை என்ற பக்தச் சங்கத்தில் மூத்தவர். கல்லறைத் தோட்டத்தில் இன்ன தெருக்காரர்களுக்கு இன்ன மூலை என்று வந்தபோது முதல் ஆளாக நின்று சண்டை போட்டார். கையில் செபமாலை. அவருக்கு ஒரு நாளைக்கு 53 மணி இல்லை, 200 மணி. என்ன பிரயோஜனம்?

---

பழைய உபதேசியார் | புதன், காலை 10.25

தம்பி, உங்கள் கோபத்தோடு நான் சண்டைக்கு வரவில்லை. தேவசகாயத்துக்கு ஞானஸ்நானம் கொடுத்த அதே வடக்கன்குளத்தில் அப்புறம் ஒரு கோயில் கட்டினார்கள். இரண்டு கால் மாதிரிப் பிரிந்த கட்டடம். இந்தப் பக்கத்தார் கண்ணில் அந்தப் பக்கத்தார் படாமல் பூசை காண நடுவில் சுவர். அந்தச் சுவரை இடிக்க 1910 வரை ஆனது. தேவசகாயத்தின் பெயருக்குப் பின்னால் இருந்த சாதிப் பெயரை நீக்க 2020 வரை ஆனது. நாமும் செபமாலை உருட்டிக்கொண்டேதான் அந்தச் சுவருக்கு இரண்டு பக்கமும் முழங்கால் போட்டிருந்தோம்.

இதற்கு என்னிடம் சமாதானம் கிடையாது. அந்த அம்மா கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

---

நெறியாளர் | புதன், காலை 10.50

கல்லறைப் பிரச்சினைக்குத் தனி இழை தொடங்கலாம். ஊர்ப்பெயர், ஆள்பெயர் வேண்டாம். இங்கே கடற்கரைக்காரியின் கேள்வியோடு நிற்போம்.

---

தராசு | புதன், பிற்பகல் 2.05

நான் கணக்கு எழுதுகிறவன். தோமா சொன்னதில் எனக்குப் பங்கு இருக்கிறது.

முன்பு வேலை பார்த்த இடத்தில் இல்லாத செலவுக்கு பில் எழுதுவது வழக்கம். முதலாளிக்காக எழுதினேன், கொஞ்சம் எனக்காகவும் எழுதிக்கொண்டேன். பாஸ்கு (ஈஸ்டர்) காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது பட்டும்படாமல் "சின்னச் சின்ன பொய்" என்று சொன்னேன். சாமியார் வயசானவர். காது கேட்காது என்று நினைத்துத்தான் அந்தப் பக்கம் போனேன். அவர் "எத்தனை ரூபாய்?" என்றார். அவ்வளவுதான். திருடியதற்கு மனஸ்தாபம் மட்டும் போதாது, திருப்பிக் கொடுக்கவும் வேண்டும் என்பதைச் சின்ன வயதில் படித்திருந்தேன். எனக்கு அது பொருந்தும் என்று தோன்றியதே இல்லை.

14 மாதம் ஆனது திருப்பிக் கொடுக்க. மாதா மாதம் ஒரு உறை. முதலாளி முதலில் சிரித்தார், அப்புறம் எரிச்சல்பட்டார், கடைசியில் என்னை வேலையை விட்டு அனுப்பினார். அவர் எழுதச் சொன்ன பில்லை நான் எழுத மறுத்ததும் ஒரு காரணம்.

அந்த 14 மாதமும் வீட்டில் குடும்ப செபம் கிடையாது, பணச் சண்டைதான். ஆனால் அந்த உறையை ஒட்டும்போது இருந்த மாதிரி ஆண்டவர் அவ்வளவு பக்கத்தில் அதற்கு முன் இருந்ததில்லை.

---

பாதியில் வந்தவன் | புதன், இரவு 8.30

சாமியார் ஆகப் படிக்கும் செமினரியில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வெளியே வந்தவன். இப்போது இரண்டு பெண் பிள்ளைகள். உள்ளே இருந்தபோது செபிப்பது சுலபம், மணி அடிப்பார்கள். வெளியே நம் மணியை நாமே அடித்துக்கொள்ள வேண்டும்.

2018இல் போப் பிரான்சிஸ் புனிதம் பற்றி ஒரு மடல் எழுதினார். பக்கத்து வீட்டுப் புனிதர்கள் என்ற பேச்சு அதில்தான் வருகிறது. அதில் ஓர் இடம் எனக்குப் பிடிக்கும். ஒரு பெண் கடைக்குப் போகிறாள். வழியில் தெரிந்தவள் பிடித்துக்கொள்கிறாள், பேச்சு மெல்லப் புறணிக்குப் போகிறது. இவள் மனசுக்குள் "இல்லை, நான் யாரையும் பற்றித் தப்பாகப் பேசமாட்டேன்" என்று முடிவு செய்கிறாள். வீட்டுக்கு வந்தால் பிள்ளை பேச வேண்டும் என்கிறது. அலுப்போடு உட்கார்ந்து கேட்கிறாள். அப்புறம் மனசு கலங்குகிற நேரத்தில் செபமாலையை எடுக்கிறாள். பிறகு தெருவில் ஓர் ஏழையிடம் நின்று பேசுகிறாள். அவ்வளவுதான் கதை. ஒவ்வொன்றும் புனிதத்தில் ஓர் அடி என்கிறார். அந்தப் பெண்ணின் நாளுக்கும் அக்காவின் நாளுக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இவருக்கு மின்சார ரயில் கூடுதல்.

தெரேசம்மாளின் அம்மாவையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். செலி மார்ட்டின் பிரான்சில் அலன்சோன் ஊரில் லேஸ் பின்னல் தொழில் நடத்தியவர். ஒன்பது பிள்ளைகள், நாலு பேர் சின்னதிலேயே போய்விட்டார்கள். அவர் எழுதிய கடிதங்களில் 200க்கு மேல் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலும் வேலை, அலுப்பு, பிள்ளையின் காய்ச்சல், பிடிவாதம் பிடிக்கிற மகள். 2015 அக்டோபரில் அவருக்கும் கணவர் லூயிக்கும் சேர்த்தே புனிதர் பட்டம் கொடுத்தார்கள்.

செபத்துக்கு என் யோசனை ஒன்றே ஒன்று. ஆத்தும சோதனை. நாம் சின்னதில் பாவங்களை எண்ணுவது என்று படித்தோமே, அதில்லை. இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் காட்டிய முறையில் முதலில் நன்றி. அப்புறம் காலையிலிருந்து நாளை மெதுவாக ஓட்டிப் பார்ப்பது. எங்கே மனசு குத்துகிறது, எங்கே லேசாகிறது. குத்துகிற இடத்தில் நின்று மன்னிப்பு, நாளைக்கு உதவி கேட்பது. ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் பத்து நிமிடம் போதும். கண் மூடினால் பக்கத்தில் இருப்பவர் தூங்குகிறோம் என்று நினைத்து நம் மேல் சாய்ந்துகொள்வார், அது ஒன்றுதான் சிரமம்.

---

மன்னார்த் தம்பி | வியாழன், காலை 6.10

அக்கா, எங்கட ஊரிலயும் முந்தி இதே கதைதான். இடம்பெயர்ந்து காம்பில இருக்கேக்க பாய் விரிக்க இடமில்லை, ஆனா செபமாலை நின்றதில்லை. இப்ப வீடு இருக்கு, ஆளுக்கொரு அறை இருக்கு, ஒருத்தரும் வாறதில்லை. அம்மா தனிய இருந்து சொல்லுவா. போன ஆவணியில மடுத் திருவிழாவுக்குப் போய் வந்த பிறகு நான் அவவுக்குப் பக்கத்தில போய்ச் சும்மா இருக்கத் தொடங்கினன். வாய் திறக்கிறதில்லை. அவ ஒண்டும் கேக்கவும் இல்லை.

---

கடற்கரைக்காரி | வியாழன், இரவு 11.20

எல்லாருக்கும் நன்றி. இன்று காலையும் மாலையும் ரயிலில் அந்த ஆத்தும சோதனையைச் செய்து பார்த்தேன். காலையில் நல்லபடியாக இருந்தது. மாலையில் ஒன்றில் போய் இடித்துக்கொண்டேன். செபத்துக்கு நேரம் இல்லை என்று உங்களிடம் வந்து அழுதேனே, அது முழு உண்மை இல்லை.

அப்பா படுத்த படுக்கையாக இரண்டு வருடம் இருந்தார்கள். ஊரில் பார்த்தது மதினிதான். அண்ணன் கடலுக்குப் போய்விடுவான். மலம் மூத்திரம் எல்லாம் மதினி எடுத்தார்கள். நான் லீவுக்குப் போய் நாலு நாள் இருந்து ஃபோட்டோ எடுத்துக்கொண்டு வருவேன். அப்பா போனபிறகு அம்மா தன் ரெட்டைவடச் சங்கிலியை எனக்குப் போட்டுவிட்டார்கள். மதினி முகம் வாடிப்போனது. அடக்கம் முடிந்த எட்டாம் நாள் சமையல்கட்டில் ஏதோ சொன்னார்கள். நான், "பார்த்ததற்குக் கூலி கேட்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டேன்.

மூன்று வருடம் ஆகிறது. அம்மாவிடம் பேச வேண்டுமானால் அண்ணன் கரைக்கு வந்த நேரம் பார்த்து அவன் ஃபோனில் கூப்பிடுகிறேன். அம்மா இன்றைக்கும் மதினி கையால்தான் சாப்பிடுகிறார்கள்.

இரண்டாம் தேவரகசியம் என்ன? மாதா எலிசபெத்தம்மாளைப் பார்க்கப் போனது. சந்தோஷ தேவரகசியம் சொல்லும் நாளில் அந்த இடத்தில்தான் தூங்கிவிடுகிறேன். வேண்டுமென்றே இல்லை. ஆனால் இன்று ரயிலில் அது தோன்றியதும் கிண்டி தாண்டியும் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன்.

---

இரவுப்பணி | வெள்ளி, அதிகாலை 3.15

அக்கா. படுத்த படுக்கையானவர்களைப் பார்ப்பது என் தொழில். எனக்குச் சம்பளம் தருகிறார்கள், எட்டு மணி நேரம் முடிந்தால் வேறு ஆள் வருவார். உங்கள் மதினிக்கு வேறு ஆள் வரவில்லை. இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

---

பழைய உபதேசியார் | வெள்ளி, காலை 5.20

அம்மா, மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் பீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டுப் போய்ச் சமாதானமாகி வா என்று ஆண்டவர் சொன்னது எல்லாருக்கும் தெரியும். நானே பிள்ளைகளுக்கு வருடக்கணக்காகத் தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். "உனக்கு யார் மேலாவது கோபம் இருந்தால்" என்று. வசனம் அப்படி இல்லை. *அவருக்கு உன்மேல்* மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால் என்று இருக்கிறது. நம் மனசு சுத்தமாக இருப்பதாக நாம் நினைத்தாலும் காணிக்கை அங்கேயே காத்திருக்க வேண்டியதுதான்.

ரயிலில் உங்களுக்கு நினைவுக்கு வந்தது அதுதான்.

---

சந்தேகத் தோமா | வெள்ளி, காலை 9.55

கடற்கரைக்காரி, ஒன்று கேட்கலாமா? மன்னிப்புக் கேட்டுவிட்டால் உங்கள் மனசு லேசாகிவிடும். பூசையில் நற்கருணை வாங்கும்போது நிம்மதியாக இருக்கும். சரி. மதினிக்கு என்ன கிடைக்கும்? மறுபடியும் அவர்தான் பெருந்தன்மையாக "பரவாயில்லை" என்று சொல்ல வேண்டும். அதுவும் ஒரு வேலைதானே? சங்கிலி யார் கழுத்தில் இருக்கிறது?

---

பாதியில் வந்தவன் | வெள்ளி, காலை 10.10

தோமா, கொஞ்சம் மெதுவாகக் கேட்கலாம். அவர் இப்போதுதான் சொல்ல ஆரம்பித்திருக்கிறார்.

---

தராசு | வெள்ளி, காலை 10.32

இல்லை, தோமா கேட்டது சரி. "எத்தனை ரூபாய்?" என்று என்னிடம் கேட்டவரும் மெதுவாகக் கேட்கவில்லை.

---

கடற்கரைக்காரி | அடுத்த வியாழன், இரவு 10.05

ஒரு வாரம் இந்தப் பக்கமே வரவில்லை. தோமா மேல் கோபம்தான், வேறென்ன. சனிக்கிழமை வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் "சங்கிலியைக் கொடுத்துவிட்டு அப்புறம் மனசு கஷ்டப்படாமல் இருப்பாயா?" என்று மட்டும் கேட்டார். பதில் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை மதினி நம்பருக்கே கூப்பிட்டேன். எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர்களே கூப்பிட்டார்கள், அம்மாவுக்கு ஏதோ என்று நான் பயந்துவிடக் கூடாது என்று. "அம்மாவுக்கு ஒண்ணுமில்ல, நல்லா இருக்காவ" என்றுதான் பேச்சையே ஆரம்பித்தார்கள். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது. பிரஷர் மாத்திரை காலையில் கொடுக்கிறீர்களா ராத்திரியா என்று கேட்டேன். ராத்திரி என்றார்கள். கால் வீக்கம் இருக்கிறதா என்று கேட்டேன். "சாயங்காலம் கொஞ்சம் இருக்கும், உப்பு குறைச்சிருக்கேன்" என்றார்கள். அப்புறம் இரண்டு பேருமே பேசவில்லை. பின்னால் ரேடியோ பாடியது. "அன்றைக்கு நான் பேசினது..." என்று ஆரம்பித்தேன். "சரி, அடுப்புல சோறு இருக்கு, வைக்கிறேன்" என்று வைத்துவிட்டார்கள்.

மன்னித்தார்களா இல்லையா தெரியாது. யாரிடம் இவ்வளவு நேரம் பேசாமல் பேசினாய் என்று சின்னவன் கேட்டான். ஊர் அத்தையிடம் என்றேன். அவனுக்கு அத்தை முகமே மறந்துபோயிருந்தது.

செபமாலையில் ஒரு சின்ன மாற்றம். எனக்குத் தூக்கம் வருகிறது, இரண்டாவதை நீ சொல் என்று பெரியவனிடம் கொடுத்துவிட்டேன். ரொம்ப வேகமாகச் சொல்கிறான், மாமியாருக்குப் பிடிக்கவில்லை.

---

இரவுப்பணி | அடுத்த வியாழன், இரவு 11.50

உப்பு குறைத்திருக்கிறார்கள் என்றால் நன்றாகத்தான் பார்க்கிறார்கள் அக்கா. மாத்திரை நேரத்தை மட்டும் டாக்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

---

சந்தேகத் தோமா | வெள்ளி, காலை 8.15

நான் கேட்டவிதம் தப்பு. கேட்டது தப்பு என்று இன்னும் தோன்றவில்லை. சங்கிலி?

---

கடற்கரைக்காரி | வெள்ளி, காலை 8.40

பீரோவிலிருந்து எடுத்து வெளியே வைத்திருக்கிறேன். பாஸ்குவுக்கு ஊருக்கு டிக்கெட் போட்டாயிற்று, நாலு பேருக்கும். வரும் ஞாயிறு பூசை முடிந்து ஒருமுறை கூப்பிட வேண்டும். மதினி அப்போது மீன் கழுவிக்கொண்டிருப்பார்கள், ஃபோனை ஸ்பீக்கரில்தான் போடுவார்கள். அம்மாவுக்கும் கேட்கும்.